மைதீன் பிச்சை வீட்டுக்குக் கிழக்கே

தண்டனைக்குப் பயந்து ஒழுங்காக நடப்பவரை ஒழுக்கமானவர் என்று சொல்லலாமா? ஜோசபினை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியை எழுப்பியதில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் பொய் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. வரி கட்டத் தாமதித்ததில்லை. சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டி இல்லாவிட்டாலும், கடக்காமல் நிற்பார். இதையெல்லாம் நற்குணத்தின் பக்கத்தில் எழுதுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் பயந்தார்.

சிங்கப்பூரில், தெம்பனிஸ் வட்டாரத்தில் இருந்த வீட்டில் வாசல் மணி அடித்தால் முதலில் அவர் முகம் வெளிறும், பிறகுதான் கதவு திறக்கும். அரசாங்க முத்திரையோடு உறை வந்தால் அதைக் கணவர் எட்மண்டிடம் கொடுத்துவிட்டு அடுக்களையில் போய் நின்றுகொள்வார். எட்மண்ட் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். உறையைப் பிரித்து, நிதானமாகப் படித்து, "அரெஸ்ட் வாரண்ட் லா. பூந்தொட்டியில தண்ணி தேங்கியிருக்காம், கொசு வாக்குமூலம் குடுத்துருச்சு," என்பார். ஜோசபின் சிரிக்க மாட்டார். தாளை வாங்கித் தாமே ஒருமுறை படித்த பிறகுதான் அடுப்பை மூட்டுவார்.

முன்பு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அதை விட்டதற்குக் காரணம் ஒரு கட்டுமானத் தொழிலாளி. குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டபோது அந்த மனிதர் ஒவ்வொரு வரிக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பெரியவர்கள் முன்னால் அப்படித்தான் காட்டுவது அவர் ஊர் மரியாதை. ஜோசபின் அதை ஒப்புதல் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே திருத்தினார். நீதிபதி திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். யாருக்கும் எந்தக் கேடும் வரவில்லை. இருந்தும் அந்த இரண்டு மூச்சுகளுக்கு நடுவில் இருந்த இடத்தை ஜோசபினால் மறக்க முடியவில்லை. அந்த வருடமே விலகினார்.

மனிதர்களைவிடக் காகிதம் பாதுகாப்பானது என்று நினைத்திருக்க வேண்டும். கெர்பாவ் ரோட்டில், ஒரு பயண முகவர் அலுவலகத்துக்கு மேலே, ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பள்ளிச் சான்று எல்லாம் மொழிபெயர்த்தாலும், வழக்கறிஞர்கள் அவரைத் தேடி வந்தது பழைய நிலப் பத்திரங்களுக்காக. சிங்கப்பூரில் ஒரு பெரியவர் இறப்பார். பெட்டியின் அடியில் தமிழ்நாட்டில் வாங்கிய ஏதோ ஒரு மனையின் கிரயப் பத்திரம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அச்சுத் தமிழே தட்டுத் தடுமாறித்தான் வரும். புள்ளி வைக்காத கூட்டெழுத்து எங்கே வரும்? ஜோசபின் படித்து, ஆங்கிலத்தில் எழுதி, மொழிபெயர்ப்பு உண்மையானது, சரியானது என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

அந்தப் பத்திரங்களில் அவர் முதலில் பார்ப்பது எல்லை சொல்லும் இடத்தை. வடக்கே ஆற்காட்டுப் பக்கத்தில் அதற்குச் செக்குபந்தி என்று தலைப்பிடுவார்கள். நவாபுகளின் கச்சேரி அலுவலகங்களில் நுழைந்த பாரசீகச் சொல், அரசு மாறியும் எழுத்தர்களின் பேனாவை விட்டு இறங்கவில்லை. தெற்கே திருநெல்வேலிச் சீமையில் நான்கு மால் என்பார்கள். எல்கை என்பது பல ஊரிலும் உண்டு. திருவாங்கூர் ஆண்ட மலையோரத்துப் பத்திரங்களில் அதிர் என்ற மலையாளச் சொல் எட்டிப்பார்க்கும். ஜோசபின் இந்தியாவுக்குப் போனதே இல்லை. ஆனால் எல்லைச் சொல்லைக் கொண்டே எந்தப் பக்கத்துப் பத்திரம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவார். இதை மேதைமை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எழுதியவரின் ஊர் தெரியாவிட்டால் தப்பு வந்துவிடும் என்ற பயத்தில் சேர்த்துவைத்தது.

தப்பு வருவதற்கு ஒரு குறிப்பிட்ட வழி இருந்தது. சில ஊர் எழுத்தர்கள் அண்டை வீட்டில் நின்றுகொண்டு நம் மனையைக் காட்டுவார்கள்: இன்னார் வீட்டுக்குக் கிழக்கே இந்த மனை. வேறு சிலர் மனைக்குள் நின்றுகொண்டு அண்டை வீட்டைக் காட்டுவார்கள்: கிழக்கே இன்னார் வீடு. முழுசாக எழுதிவிட்டால் தொல்லை இல்லை. முத்திரைத்தாளில் இடம் மிச்சம் பிடிக்கிற எழுத்தர்கள் பெயரை ஒரு பக்கமும் திசையை ஒரு பக்கமும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். எழுதியவர் எங்கே நின்றார் என்பதை அவருடைய ஊர் வழக்கத்தைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். மாற்றி முடிவு செய்தால், மனை அந்த வீட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்விடும்.

தேக்காவில் பெட்டி, பை விற்கும் கடை வைத்திருக்கும் முபாரக் ஒரு பத்திரத்தோடு வந்தார். அவருடைய அத்தாவின் அத்தா, அதாவது தாத்தா, இரண்டாம் உலகப் போருக்கு முன்னால், தென்காசிப் பக்கத்துச் சொந்த ஊரில் வாங்கிப்போட்ட மனை. யாரும் வீடு கட்டவில்லை, யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை. இப்போது அத்தா படுக்கையில் விழுந்ததும் அந்த மனையின் நினைவு வந்திருக்கிறது. ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நத்தம் நிலம். ஊர் முழுவதற்கும் ஒரே சர்வே எண். ஒரு மனையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட அந்த நான்கு வரிகளைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அந்த நான்கில் மூன்று பெயர்கள் ஊருக்கே மறந்துபோனவை. நான்காவது மட்டும் இன்றும் நிற்கிற வீடு. பத்திரத்தில் இருந்தது இவ்வளவுதான்: மைதீன் பிச்சை வீடு, கிழக்கு.

ஜோசபின் தேதியைச் சரிபார்த்தார். முத்திரைத்தாளின் மதிப்பு, தகப்பனார் பெயர், அளவு, சாட்சிகள் என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். பயம் எங்கெல்லாம் போய்ப் பார்க்கச் சொன்னதோ அங்கெல்லாம் பார்த்தார். எல்லையில் அவருக்குப் பயம் வரவில்லை. தென்காசிப் பத்திரங்கள் கைக்குப் பழகியவை. அந்தப் பக்கத்து எழுத்தர்கள் அண்டை வீட்டில்தான் நிற்பார்கள். மனை மைதீன் பிச்சை வீட்டுக்குக் கிழக்கே உள்ளது என்று எழுதி, சத்தியம் செய்து, முத்திரை குத்தினார். டோபி காட் பக்கம் அலுவலகம் வைத்திருந்த நிவேதிதா என்ற இளம் வழக்கறிஞர் அந்த ஆங்கிலத்தை அப்படியே எடுத்து, முபாரக்கின் சார்பில் மனையைக் கைப்பற்ற ஊரில் இருந்த ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் தயாரித்தார். மூலப் பத்திரம் முபாரக்கின் கடைப் பெட்டிக்குப் போனது. ஊருக்குப் போனது சிவப்பு முத்திரையிட்ட ஆங்கிலத் தாள்.

சில மாதங்கள் கழித்து, ஒரு காலையில், தெரியாத இந்திய எண்ணிலிருந்து ஜோசபினுக்குக் குரல் செய்தி வந்தது.

"மேடம், வணக்கம். நான் ஆயிஷா பேசுதேன். மைதீன் பிச்சை வீட்டுக்குக் கிழக்க இருக்கது எங்க வீடு. உங்க இங்கிலீசு பேப்பர்ல அது சிங்கப்பூர்க்காரவுக மனைன்னு போட்டிருக்காம். எங்ககிட்ட இருந்த பத்திரத்தக் கரையான் தின்னுட்டு. வீட்டு வரி ரசீத நீட்டுனா, அதெல்லாம் செல்லாது, சிங்கப்பூர் சீல் இருக்குன்னு சொல்லுதாவ. தர்கா கந்தூரி முடியுற வரைக்கும் பஞ்சாயத்துல தவண குடுத்திருக்காவ. முடிஞ்சதும் ஜேசிபி வந்துருமாம். எங்கம்மா கட்டில்ல கெடக்கா. சீல்ல உங்க நம்பர் இருந்துச்சு, அதான் பேசுதேன். நீங்க எழுதுனது சரிதானா மேடம்? அத மட்டும் சொல்லுங்க."

ஜோசபின் எழுந்து அறைக்கதவைத் தாழிட்டார். செய்தியை மறுபடி கேட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. கோபமாக இருந்தால் அழித்துவிட்டிருக்கலாம். கணினியில் பத்திரத்தின் படத்தைத் திறந்தார். எல்லைப் பகுதியின் தலைப்பைப் படித்ததும் படத்தைப் பெரிதாக்கினார். நான்கு மால் என்று இருக்க வேண்டிய இடத்தில் செக்குபந்தி என்று இருந்தது. அதை ஆங்கிலத்தில் 'எல்லைகள்' என்று பெயர்த்துவிட்டு அப்போது கடந்து போயிருக்கிறார். கடைசி வரிக்குப் போனார். வந்தவாசி வேதாசல முதலியார் எழுதியது. அதையும் எழுத்துப் பிசகாமல் பெயர்த்திருந்தார். வடக்கிலிருந்து பிழைக்க வந்து தென்காசியில் பத்திரம் எழுதிய ஒருவர். வடக்கத்தி எழுத்தர்கள் மனைக்குள் நின்றுதான் எழுதுவார்கள். சொல்லையே ஊரிலிருந்து கொண்டுவந்தவர் நிற்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டா வந்திருப்பார்?

ஒருவேளை விட்டிருக்கலாம். தெற்கே வந்து தெற்கத்தி வழக்கத்துக்கு மாறியிருக்கலாம். அந்த 'ஒருவேளை'யைப் பிடித்துக்கொண்டு அவர் அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தார். பதில் போடவில்லை.

மாலையில் வீட்டில் மீன் வாணலியிலேயே கருகியது.

"யாரு செத்தா?" என்றார் எட்மண்ட்.

"யாரும் சாகல."

"மீனைக் கேட்டேன்."

ஜோசபின் சொன்னார். செய்தியைப் போட்டும் காட்டினார். எட்மண்ட் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீ என்ன வீட்டையா இடிக்கப் போற? இங்கிலீஷ்லதானே எழுதின."

"இங்கிலீஷை வச்சுத்தான் இடிக்கப் போறாங்க."

"தெரிஞ்சா செஞ்சே?"

"இல்ல."

"அப்ப பொய் இல்லல்ல. ஃபினிஷ். அவங்க ஊரு, அவங்க கேஸு. நீ போய் மாட்டிக்காத லா."

"சத்தியம் பண்ணிருக்கேன் எட்மண்ட். ட்ரூ அண்ட் ஆக்யூரேட்னு."

"அதான் சொல்றேன். இன்னும் உனக்கே ஷுவரா தெரியாதுல்ல? தெரியாத வரைக்கும் நீ சேஃப்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் ஜோசபினுக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது. தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு என்பது அவருக்கு மதியமே தோன்றிவிட்டிருந்தது. மனிதர்கள் சாவார்கள், வீடுகள் கைமாறும். குளமும் மலையும் இடம் மாறாது. அதே வந்தவாசிக்காரர் எழுதிய வேறொரு பத்திரத்தில், பக்கத்தில் குளமோ மலையோ இருந்தால், அவர் எங்கே நின்று எழுதுபவர் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கேட்க வேண்டியது ஒரு வரி. அந்த ஒரு வரியை அவர் நாள்கணக்கில் அனுப்பவில்லை. தேவாலயத்துக்குப் போனார், வந்தார். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். மின்தூக்கியில் சீருடை போட்ட யாராவது ஏறினால் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார். பிறகு ஒருநாள், ஜாலான் புசாரிலிருந்து அலுவலகத்துக்கு நடந்துபோகும் வழியில், ஒரு கடை வாசலில் நின்றபடியே, அனுப்பிவிட்டார்: வந்தவாசி வேதாசல முதலியார் எழுதிய வேறு பத்திரம் உங்கள் ஊரில் யாரிடமாவது இருக்கிறதா? குளத்தை ஒட்டிய நிலமாக இருந்தால் நல்லது.

அனுப்பிய பிறகு அதை அழிக்க முடியுமா என்று பார்த்தார். இரண்டு நீலக் கோடுகள் விழுந்திருந்தன.

மறுநாள் யாரோ அறைக்கதவைத் தட்டினார்கள். ஜோசபின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"அக்கா, உங்க செருப்பு வெளிய இருக்கு," என்றது முபாரக்கின் குரல்.

திறந்தார். முபாரக் கையில் ஒரு பொட்டலம். "ஆட்டுக்கறி பிரியாணி. சாப்பிட்டிருக்க மாட்டீங்கன்னு வாங்கினேன்," என்று மேசையில் வைத்தார். உட்கார்ந்தார். எழுந்து போய்க் கதவைத் தாமே சாத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"ஆயிஷான்னு ஒரு பொண்ணு உங்களுக்கு மெசேஜ் பண்றாளாமே. ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதாம், சிங்கப்பூர் மேடம் பதில் போட்டாங்கன்னு. போட்டீங்களா?"

ஜோசபின் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தினார். "ஒரு சந்தேகம் கேட்டேன்."

"யாருக்கு சந்தேகம்? உங்களுக்கா?"

அவர் கணினித் திரையை அணைத்தார்.

"அக்கா, அத்தா எப்படி இருக்காருன்னு தெரியுமா? ரெண்டு மாசம் வாயைத் திறக்கல. நர்ஸு ஊட்டினா முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. மனை கிடைச்சிருச்சு அத்தான்னு சொன்னேன். எந்திரிச்சு உக்காந்துட்டாரு. கிணத்தை எந்த மூலையில வெட்டணும்னு என்னோட சண்டை போடறாரு. இப்ப போய் நான் என்ன சொல்ல?"

"கிழக்குல இல்லைன்னா, மேற்குல இருக்குமே தம்பி."

"மேக்கால என்ன இருக்கு? ரோடு. அகலப்படுத்தினப்ப எல்லாத்தையும் வழிச்சிட்டுப் போயிட்டாங்க. மிச்சம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிக்குது." முபாரக் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நீங்க சுத்தமா வேலை செய்றவங்கன்னு சொல்லித்தான் உங்ககிட்ட வந்தேன். நான் யார் மேலயும் கம்ப்ளெயின்ட் பண்ற ஆள் இல்ல. என்னைப் பண்ண வைக்காதீங்கக்கா."

போகும்போது கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். பிரியாணி ஆறிப்போகும்வரை ஜோசபின் அந்தத் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முபாரக்கைக் கெட்டவர் என்று நினைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அப்படி நினைக்க அந்த மனிதர் இடம் வைக்கவில்லை.

பதில் அந்த வாரமே வந்தது. ரயிலில் இருந்தார். ஆயிஷா ஒரு படம் அனுப்பியிருந்தாள். யாரோ உறவுக்காரரின் வயல் பத்திரம். அதே கை, அதே செக்குபந்தி. வரிசையில் இரண்டாவதாக: பெரியகுளம், மேற்கு. கீழே குரல் செய்தி.

"யக்கா, இது எங்க மாமா வயலு. குளம் வயலுக்கு மேக்கதான் கெடக்கு. குளத்துக்கும் மேக்க வயலே கெடையாது, நேரா மல ஏறிரும். இதுல எதாச்சும் தெரியுதா?"

தெரிந்தது. வேதாசல முதலியார் வயலுக்குள் நின்று குளத்தைக் காட்டியிருந்தார். அப்படியானால் அந்த மனையிலும் உள்ளே நின்றுதான் மைதீன் பிச்சை வீட்டைக் காட்டியிருக்கிறார். வீடு கிழக்கே, மனை வீட்டுக்கு மேற்கே. ஆயிஷா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் இடம் அவளுடையது. ஜோசபின் நிமிர்ந்தபோது ரயில் அவர் இறங்க வேண்டிய ஜாலான் புசாரைத் தாண்டி பென்கூலனில் நின்றுகொண்டிருந்தது. இறங்கினார். நடைமேடையின் இருக்கையில் உட்கார்ந்தார். இனி 'ஒருவேளை' இல்லை. இதுவரை தெரியாமல் செய்த தவறு. அடுத்த நிமிடத்திலிருந்து அது வேறு பெயர் பெறும் என்பது நீதிமன்றத்தில் வருடக்கணக்காக நின்றவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கந்தூரிக்கு அங்கே கொடி ஏற்றியாகிவிட்டது.

அங்கிருந்தே நிவேதிதாவை அழைத்துவிட்டு, நேராக அவருடைய அலுவலகத்துக்குப் போனார்.

நிவேதிதா முழுவதையும் கேட்டார். இடையில் கதவை மூடினார். தண்ணீர் கொடுத்தார்.

"ஆன்ட்டி, தப்புன்னு யார்கிட்டயாவது எழுத்துல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"குட். சொல்லாதீங்க. தெரிஞ்ச பிறகு அந்தப் பேப்பரை நானும் யூஸ் பண்ண முடியாது, அதனால ஏதாவது ஃபைல் பண்ணித்தான் ஆகணும். எப்படிங்கிறதுதான் கேள்வி. எனக்கு ஒரு நாள் குடுங்க."

ஒரு நாளில் அவர் ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தார். உறுதிமொழிப் பத்திரம், ஒரே பக்கம். மேற்படி பத்திரத்தின் எல்லை வரிகளை இரண்டு விதமாகவும் பொருள் கொள்ள இடமுண்டு. முதல் மொழிபெயர்ப்பு அவற்றில் ஒன்று. எது சரி என்பதை ஆவணத்தை மட்டும் கொண்டு உறுதியாகக் கூற இயலாது. இதில் பொய் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆவணத்தை மட்டும் கொண்டு உண்மையிலேயே கூற இயலாதுதான்.

"அந்தப் பொண்ணோட வக்கீல்கிட்ட தென்காசிக்கே கால் போட்டுப் பேசிட்டேன்," என்றார் நிவேதிதா. "இது இருந்தா போதும், ஸ்டே வாங்கிடலாம்னு சொல்றாரு. வீடு தப்பிச்சிரும். ஏன்னா சந்தேகம் இருக்கிற பேப்பரை வச்சு யாரும் வீட்டை இடிக்க விடமாட்டாங்க. முபாரக் கத்துவாரு. ஆனா உங்க மேல கை வைக்க முடியாது. உங்க மிஸ்டேக்னு எங்கயுமே வராது."

"வேற மாதிரி எழுதினா?"

"வேற மாதிரின்னா?"

ஜோசபின் முதல் மொழிபெயர்ப்பின் நகலைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஆன்ட்டி, மிஸ்டேக்னு எழுதினா அது நெக்லிஜென்ஸ். எங்க ஃபர்ம் உங்களைத் திரும்பக் கூப்பிட முடியாது. மத்தவங்களும் கூப்பிட மாட்டாங்க. முபாரக் ஸூ பண்ணலாம், பண்ணுவாரு. எதுக்கு அந்தப் பேச்சு?"

அன்று ஜோசபின் நன்றாகச் சாப்பிட்டார் என்று எட்மண்ட் சொல்வார். உறங்கவும் செய்தார். ஆயிஷாவும் செய்தி அனுப்பியிருந்தாள், அவளுடைய வக்கீல் அதே பதிலைச் சொல்லிவிட்டதாக: "ரெண்டு மாதிரியும் இருக்கலாம்னு ஒரு வரி இருந்தாலே போதுமாம் யக்கா. அம்மாகிட்ட சொல்லிட்டேன். ஒங்களுக்கு துஆ செஞ்சா." பயம் அவரைவிட்டு இறங்கியதை வீட்டில் அந்த ஒரு நாள்தான் பார்த்தார்கள்.

கையெழுத்திடும் நாளில் எட்மண்டும் கூட வந்தார், விடுப்புப் போட்டுவிட்டு. வழியெல்லாம் அவர்தான் பேசினார். சத்தியப் பிரமாணம் வாங்கும் ஆணையரின் அறை சிறியது. வாசலுக்கு வெளியே நாற்காலியில், நிவேதிதாவிடம் விஷயத்தைக் கேட்டறிந்து வந்த முபாரக் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லவில்லை, முகம் வாடியிருந்தது. ஜோசபின் அவரைக் கடந்து போகும்போது நின்றார், ஏதோ கேட்க நினைத்தவர்போல. கேட்காமல் உள்ளே போனார்.

ஆணையர் வயதானவர். இப்படிப்பட்ட காகிதங்களில் ஆயிரக்கணக்கானவற்றைப் பார்த்த சலிப்போடு, படித்துவிட்டீர்களா, புரிந்ததா என்று கேட்டு, தாளைத் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் நிவேதிதா ஒரு சின்ன மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்திருந்தார். எட்மண்ட் சுவரில் சாய்ந்து நின்றார்.

ஜோசபின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். அவருக்கு வேர்த்தது. குளிரூட்டியின் காற்று நேராக அவர் மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். இரண்டு விதமாகவும் பொருள் கொள்ள இடமுண்டு என்ற வரிக்கு வந்ததும் அதன் மேல் ஒரு கோடு இழுத்தார். கோணலான கோடு. அடுத்த வரியின் மேலும் இழுத்தார்.

"ஆன்ட்டி," என்றார் நிவேதிதா மெதுவாக. "வேணாம். வீடு ஏற்கெனவே தப்பிச்சாச்சு."

"ஜோ," என்றார் எட்மண்ட்.

ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் ஜோசபின் ஆங்கிலத்தில் எழுதினார். மனை மைதீன் பிச்சை வீட்டுக்கு மேற்கே உள்ளது. கிழக்கே என்று நான் மொழிபெயர்த்தது தவறு. பத்திரத்திலேயே அதற்கான அடையாளம் இருந்தும் நான் கவனிக்கவில்லை. எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அருகில், திருத்தங்களுக்குச் செய்ய வேண்டியபடி, தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார். எழுத்து ஆடியிருந்ததால் ஒன்றை அடித்துவிட்டு மறுபடி போட்டார். பிறகு சத்தியம் செய்வதற்காகப் பைபிளை நகர்த்தித் தரும்படி ஆணையரைக் கேட்டார்.

ஏன் என்று நிவேதிதா அன்று படிக்கட்டிலேயே கேட்டார். எட்மண்ட் பிறகு பல தடவை, கோபமாகவும் கெஞ்சலாகவும், கேட்டிருக்கிறார். ஜோசபின் யாருக்கும் சொல்லவில்லை.